ஐந்தொகையும் வருமான வரியும்: நகரத்தார் கணக்கேடுகள் கணக்காளர் கைக்குச் சென்ற வரலாறு (1886–1949)

ஆய்வுச்சுருக்கம்

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிகக் கணக்கேடுகள் முதலாளிக்கும் முகவருக்கும் இடையிலான நம்பிக்கையைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. பிரித்தானிய இந்தியாவின் வருமான வரிச் சட்டங்கள், குறிப்பாக 1922ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வேடுகளை அரசுக்கு முன் வைக்கப்பட வேண்டிய சான்றுகளாக மாற்றின. இம்மாற்றத்தில் ஏட்டைப் படித்து விளக்கும் இடையாளாகக் கணக்காளர் உருவானதையும், ஏட்டை வெளியாளிடம் கொடுத்ததால் நேர்ந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நகரத்தார், பேரேடு, ஐந்தொகை, வருமான வரி, கணக்கப்பிள்ளை, கணக்காளர்.

முன்னுரை

நகரத்தாரின் வட்டித் தொழில் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மூலதனம், வட்டி விகிதம், கோயில், குடும்பம் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. கணக்கேடு அவ்வாய்வுகளுக்குச் சான்றாகப் பயன்பட்ட அளவுக்கு ஆய்வுப்பொருளாகவில்லை. ஓர் ஏடு யாருக்காக எழுதப்பட்டது, பின்னர் யார் கைக்குச் சென்றது என்னும் வினாக்கள் அதிலுள்ள எண்களின் பொருளையே மாற்ற வல்லவை. வரி செலுத்தும் காலத்தில் கணக்கேட்டைக் கணக்காளரிடம் ஒப்படைத்தல் இன்று இயல்பான நடைமுறையாகத் தோன்றுகிறது. நகரத்தாரைப் பொறுத்தவரை அது மொழி, காலம், நம்பிக்கை ஆகிய மூன்றிலும் ஏற்பட்ட பெரும் மாற்றமாகும்.

முதலாளிக்காக எழுதப்பட்ட ஏடு

செட்டிநாட்டில் இருந்த முதலாளி, இரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்குத் தம் முகவரை அனுப்பினார். முகவரின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு (1929–30) அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இயங்கியதாகக் கணித்தது. கடல் கடந்த இத்தொழிலில் முதலாளி தம் பணத்தைக் கண்காணிக்கும் வழி கணக்கு ஒன்றே.

அன்றாட நடவடிக்கைகள் குறிப்பில் பதிவாயின. அவை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பேரேட்டில் ஏற்றப்பட்டன. பேரேட்டின் நிலுவைகளைத் திரட்டி ஐந்தொகை வரையப்பட்டுத் தாயகத்திற்கு அனுப்பப்பட்டது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஓரிடத்தில் வரவாகவும் மற்றோரிடத்தில் பற்றாகவும் இடம்பெறும் இரட்டைப் பதிவு முறையே இது. பழைய பேரேடுகளில் தமிழ் எண்குறிகள் பயின்றன. 1,235 என்னும் தொகை ௲௨௱௩௰௫ என எழுதப்படும். கணக்கு தமிழாண்டைத் தழுவிச் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. எனினும் முகவரின் திறமையை முதலாளி மதிப்பிட்டது அவர் பணிக்காலம் முடிந்து கணக்கை ஒப்புவித்தபோதுதான். ஆகவே இலாபத்தின் உண்மையான அலகு ஓராண்டன்று, மூன்றாண்டு எனலாம்.

இவ்வேடு வெளியார் படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. விலாசக் குறிகள், சுருக்கெழுத்துகள், நடப்பு வட்டிக் கணிப்பு, மகமைப் பதிவுகள் ஆகியன தொழிலுக்குள் இருந்தவர்க்கே விளங்கும். ஏட்டில் இருந்தவை முதலாளியின் செய்திகள் மட்டுமல்ல. வைப்புப் பணம் கொடுத்த உறவினர், கைம்பெண்கள், பிற நகரத்தார், கடன் வாங்கிய உழவர் எனப் பலரின் பணநிலையும் அதில் இருந்தது. ஏட்டைத் திறந்து காட்டுவது பலரின் மறைவைத் திறந்து காட்டுவதாகும்.

சட்டம் கேட்ட கணக்கு

இந்தியாவில் வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சனால் அறிமுகப்படுத்தப்பட்டது. நிலையான அமைப்பை அதற்கு அளித்தது 1886ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தின்கீழ் மதிப்பீட்டுப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடமும் அவர்தம் வருவாய்த்துறை ஊழியரிடமும் இருந்தது. 1922ஆம் ஆண்டின் XIஆம் சட்டம் நிலைமையை மாற்றியது. அதன்கீழ் வருமான வரிக்கெனத் தனி அலுவலர்கள் மதிப்பீட்டை மேற்கொண்டனர். கணக்குகளைக் கொண்டுவரும்படி அறிவிப்பு அனுப்ப 22(4)ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் அளித்தது. வரிக்குரிய முந்தைய ஆண்டிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கணக்கைக் கேட்கலாகாது என்னும் வரம்பும் அப்பிரிவிலேயே இருந்தது.

அறிவிப்பைப் புறக்கணித்தால் அலுவலர் தம் அறிவுக்கு எட்டியவாறு வருமானத்தை முடிவு செய்ய 23(4)ஆம் பிரிவு இடமளித்தது. 1939ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அத்தகைய மதிப்பீட்டின்மீது மேல்முறையீடு கிடையாது. தவறியதற்குத் தக்க காரணம் காட்டி, மதிப்பீட்டை நீக்கும்படி ஒரு மாதத்திற்குள் விண்ணப்பிக்கும் வாய்ப்பு மட்டுமே இருந்தது. இத்தகைய மதிப்பீட்டில் ஊகம் தவிர்க்க இயலாதது எனினும் அலுவலர் பழிவாங்கும் நோக்குடனோ மனம்போன போக்கிலோ செயல்படலாகாது என்று பிரிவி கவுன்சில் 1937இல் இலட்சுமிநாராயண் பத்ரிதாஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஏட்டைக் காட்ட மறுத்த வணிகர், தம் வருமானத்தின் அளவைச் சொல்லும் உரிமையையே இழந்தார் என்பது இதனால் விளங்கும்.

அதேவேளையில் சட்டம் உள்நாட்டுக் கணக்கு முறையை ஒதுக்கவில்லை. வரி செலுத்துவோர் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு முறையின்படியே வருமானம் கணிக்கப்பட வேண்டும் என 13ஆம் பிரிவு கூறியது. அம்முறையிலிருந்து வருமானத்தைச் சரிவர அறிய இயலாதபோதே அலுவலர் தாம் தீர்மானிக்கும் வழியைக் கையாளலாம். எனவே தமிழ்ப் பேரேடு சட்டத்தின் முன் செல்லுபடியாகும் ஏடு. ஆனால் ‘சரிவர அறிய’ முடிகிறதா என்பதை முடிவு செய்பவர் அதைப் படிப்பவர். படித்து விளக்குவோரின் தேவை இவ்விடத்தில்தான் எழுந்தது.

இரண்டு காலக் கணக்குகள்

முதற்சிக்கல் காலம் பற்றியது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச்சு 31இல் முடிவது. தமிழாண்டு ஏப்ரல் இடைப்பகுதியில் முடிவது. கணக்கு எந்நாளில் முடிக்கப்படுகிறதோ அந்நாளில் முடியும் ஆண்டையே வரிக்குரிய ஆண்டாகத் தெரிந்துகொள்ளச் சட்டம் வாய்ப்பளித்தது. எடுத்துக்காட்டாக, 1930 ஏப்ரலில் முடிந்த சுக்கில ஆண்டுக் கணக்கு 1930–31 நிதியாண்டுக்குள் முடிவதால் 1931–32ஆம் ஆண்டு மதிப்பீட்டிற்கே உரியதாகும். கணக்கு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே மதிப்பீட்டு ஆண்டு தொடங்கும். இரங்கூனிலிருந்து ஐந்தொகை வந்துசேரவும் ஐயங்களைக் கேட்டெழுதவும் இவ்விடைவெளி உதவக்கூடியது. ஆயினும் ஒருமுறை தெரிந்துகொண்ட ஆண்டை அலுவலரின் இசைவின்றி மாற்ற இயலாது.

இரண்டாம் சிக்கல் வாராக் கடன் பற்றியது. முகவர் மாறும் காலத்தில் நிலுவைகளைச் சீர்தூக்கி, தேறாதவற்றைத் தள்ளுவது மூன்றாண்டு முறைக்கு இயல்பானது. 1932இல் சிட்னவிஸ் வழக்கில் பிரிவி கவுன்சில், கடன் எப்போது வாராக் கடனாயிற்று என்பது சான்றால் நிறுவப்பட வேண்டிய செய்தி என்றும், கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி ஆண்டைத் தெரிந்துகொள்ள இயலாது என்றும் கூறியது. வழக்கு மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் விளைவோ வட்டித் தொழில் செய்த அனைவருக்கும் பொது. மூன்றாமாண்டின் இறுதியில் தள்ளப்பட்ட கடன் முதலாண்டிலேயே இறந்துபட்டது என அலுவலர் கருதினால், அக்கழிவு தள்ளிய ஆண்டில் கிடைக்காது.

பெருமந்தக் காலத்தில் இச்சிக்கல் கடுமையாயிற்று. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. அது 1938க்குள் 25 விழுக்காடானது. உழவரிடமிருந்து வட்டி வரவில்லை, நிலம் வந்தது. வட்டியைச் சேர்ந்த அளவில் வரவு வைக்கும் முறையைப் பின்பற்றிய ஏட்டில், கைக்கு வராத வட்டியும் வருமானமாகத் தோன்றும். வந்தபோது மட்டும் வரவு வைக்கும் ஏட்டில் அது தோன்றாது. அரசுக்கு நிலத்தீர்வை செலுத்தும் நிலத்தின் குத்தகை வேளாண் வருமானமாகக் கருதப்பட்டதால் வருமான வரிக்கு உட்படவில்லை. ஆகவே ஒரு தொகை வட்டி என்னும் தலைப்பில் எழுதப்பட்டதா, குத்தகை என்னும் தலைப்பில் எழுதப்பட்டதா என்பது வரியை முடிவு செய்தது. முதலாளிக்காக எழுதிய முகவர் இவ்வேறுபாட்டை நினைத்து எழுதியிருக்க வேண்டியதில்லை. பின்னாளில் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியவர் கணக்கை ஏந்தி நின்றவரே.

கணக்கப்பிள்ளையும் கணக்காளரும்

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற எவரும் வரி செலுத்துவோர் சார்பில் அலுவலர் முன் வரலாம். முதலாளியின் கணக்கப்பிள்ளையும் இத்தகுதிக்கு உட்பட்டவரே. ஏட்டின் குறிகள் அனைத்தும் அவருக்குத் தெரியும்; வரிச் சட்டத்தின் ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை. மறுபுறம், 1918இல் பம்பாயில் தொடங்கிய அரசு கணக்கியல் பட்டயமும் 1932ஆம் ஆண்டுத் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளும் ‘பதிவுபெற்ற கணக்காளர்’ என்னும் புதிய பிரிவினரை உருவாக்கின. இவர்கள் ஆங்கில நிறுமக் கணக்கு முறையில் பயின்றவர்கள். 1939ஆம் ஆண்டுத் திருத்தம், சார்பாளராக வரத் தக்கவர் உறவினர், நிலையான ஊழியர், வழக்குரைஞர், கணக்காளர், வருமான வரித் தொழில் செய்வோர் என வரையறுத்தது. கணக்கப்பிள்ளைக்கு ‘ஊழியர்’ என்னும் பெயரில் இடம் எஞ்சியது. தொழில்முறைத் தகுதி கணக்காளருக்குரியதாயிற்று.

அதே திருத்தம் வெளிநாட்டு வருமானம் பற்றிய விதியையும் மாற்றியது. அதுவரை வெளிநாட்டு வணிக இலாபம் பிரித்தானிய இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோதே வரிக்கு உட்பட்டது. 1939க்குப்பின் இங்கு வசிப்போரின் வெளிநாட்டு வருமானம், கொண்டுவரப்படாவிட்டாலும், 4,500 ரூபாய் விலக்குப் போக, வரிக்குரியதாயிற்று. பர்மா 1937 ஏப்ரல் 1இல் இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டதால், இரங்கூன் இலாபம் இப்போது வெளிநாட்டு வருமானம். இலங்கையிலோ 1932 முதலே வருமான வரி நடப்பில் இருந்தது. பணம் வந்ததா என்னும் ஒற்றை வினாவுக்கு விடையளித்த ஐந்தொகை, இனி வெளிநாட்டுக் கிளையின் முழு இலாபத்தையும் இந்திய விதிப்படி விளக்கும் ஆவணமாக வேண்டியிருந்தது.

மறைவும் அதன் எல்லையும்

ஏட்டைக் கொடுப்போருக்குச் சட்டம் ஒரு காப்பும் அளித்தது. 54ஆம் பிரிவின்படி வரி அலுவலர் முன் வைக்கப்பட்ட கணக்குகள் மறைவானவை. நீதிமன்றமும் அவற்றைப் பொதுவாகக் கேட்டுப்பெற இயலாது. வெளியிடும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் இக்காப்பு துறைக்கு வெளியே செய்தி செல்வதைத்தான் தடுத்தது. ஒருவர் பேரேட்டில் மற்றவர் பெயரில் காணும் தொகையைக் கொண்டு அம்மற்றவரின் கணக்கைச் சோதிக்கத் துறைக்குத் தடையில்லை. ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கிய சமூகத்தில் இதன் கனத்தை உணரலாம்.

கணக்காளரின் நிலையும் நோக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் கூறியவற்றை வெளியிடாதவாறு வழக்குரைஞரைக் காத்தது. அப்பிரிவில் கணக்காளர் இடம்பெறவில்லை. 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தபின், கட்சிக்காரரின் செய்தியை அவர் இசைவின்றி வெளியிடுதல் தொழில் ஒழுங்கீனமாயிற்று. சட்டம் கோரும்போது சொல்லியாக வேண்டும் என்னும் விலக்கு அதிலும் உண்டு. கணக்கப்பிள்ளையின் அடக்கம் முதலாளியின் வீட்டோடு பிணைந்தது. கணக்காளரின் அடக்கம் தொழில் விதியோடு பிணைந்தது. முன்னது குடும்ப நம்பிக்கை, பின்னது நிறுவன நம்பிக்கை.

முடிவுரை

நகரத்தார் கணக்கேடு கணக்காளர் கைக்குச் சென்ற வரலாற்றை மரபு முறை தோற்று நவீன முறை வென்ற கதையாகக் கூற இயலாது. இரட்டைப் பதிவு நகரத்தாருக்குப் புதியதன்று. சட்டமும் தமிழ் ஏட்டை மறுக்கவில்லை. மாறியது ஏட்டின் படிப்பாளர். மூன்றாண்டுக் கணக்கை ஓராண்டுக் கணக்காகவும், ஆள்வாரிப் பேரேட்டை வருமான இனங்களாகவும் மாற்றிப் படிக்க ஓர் இடையாள் தேவைப்பட்டார். அவரை அமர்த்த வசதியுள்ளோர் தம் ஏட்டுக்குத் தாமே பொருள் கூறினர்; இயலாதோர் ஏட்டுக்கு அலுவலரின் ஊகமே பொருளாகும் இடர் இருந்தது.

ஆய்வாளர்க்கு இதனால் ஒரு முறையியல் எச்சரிக்கை கிடைக்கிறது. வரிக்காகத் தயாரித்த சுருக்கத்தையும் முதலாளிக்காக எழுதிய ஐந்தொகையையும் ஒரே சான்றாகக் கொள்ளலாகாது. அவற்றின் தொகைகள் வேறுபட்டால் அதனை உடனே பொய்க்கணக்கு எனக் கருதவும் கூடாது. கால அலகும் இனப்பகுப்புமே அவ்வேறுபாட்டை விளைவித்திருக்கலாம்.

கலைச்சொற்களிலும் இவ்வரலாற்றின் தடம் உள்ளது. தமிழகப் பாடநூல்களில் இருப்புநிலைக் குறிப்பு எனப்படுவது இலங்கைத் தமிழ்க் கணக்கியலில் ஐந்தொகை என்றே நெடுங்காலம் வழங்கியது. தமிழகத்தில் பற்று எனப்படுவது இலங்கையில் வரவு எனப்படுகிறது. தமிழகத்து வரவு அங்கே செலவு. இரு நாட்டுத் தமிழ்க் கணக்கேடுகளை ஒருங்கே ஆராய்வோர் சொல் ஒன்றாயிருத்தலைக் கொண்டு பொருளும் ஒன்றெனக் கொள்ளாது, ஏடு யாருக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.