வைஸ் இல்லாத காலத்து விரல்கள்

'ஹால் அண்ட் நைட்' என்று சொன்னால் கணக்குப் படித்தவர்களுக்கு அல்ஜீப்ரா நினைவுக்கு வரும். 1887-இல் வந்த அவர்களுடைய 'ஹையர் அல்ஜீப்ரா'வை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்றும் புரட்டுகிறார்கள். அந்த இருவரில் ஹென்றி சின்க்ளேர் ஹால் பள்ளி ஆசிரியர்; மீன்பிடிப்பதில் தீராத ஆசை உள்ளவர். சிறிய தூண்டில் முள்ளின் தண்டு முனையில் காது வளைத்து, அதில் நரம்பை நேரே கோத்துக் கட்டும் முறையை 1870-களின் கடைசியில் இங்கிலாந்தில் பரவச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அதற்கு முன், மீனை ஏமாற்றப் பூச்சிபோலச் செயற்கை ஈ கட்டுகிற நுண்ணிய முள்களுக்குப் பெரும்பாலும் காது கிடையாது. பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை வினிகரில் ஊறவைத்து நீட்டி உலர்த்திய நரம்பையோ, குதிரைவால் மயிரையோ முள்ளின் தண்டோடு சேர்த்து வைத்து, மெழுகு ஏற்றிய பட்டு நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றின் மேலேயே ரோமமும் இறகும் ஏறும். முள்ளை நரம்போடு பிணைப்பதும், அதைப் பூச்சிபோல உடுத்துவதும் ஒரே நூலில் நடந்த வேலை. செயற்கை ஈ கட்டும் கலைக்கு ஆணிவேர் இந்தச் சுற்றுதான். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நூல் பிடிக்கும் பாபின், இறகு பிடிக்கும் கிளிப் எல்லாம் பிற்பாடு பரவியவை.

சுற்றுவது எனக்குத் தெரிந்த வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிலேயும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் செய்கிற கம்பெனிகளில் காயில் வைண்டிங் பார்த்தே என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். 1960-களில் இந்தத் தொழிற்பேட்டை எழுந்ததிலிருந்து லேத்தும் பிரஸ்ஸும்தான் அதன் பெருமையாகப் பேசப்படுகின்றன. வைண்டிங் டேபிளில் உட்கார்ந்த பெண்களின் விரல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய எனாமல் கம்பி அது. ஒரு பொட்டு கூட இழுத்தால் அறுந்துவிடும். தளர்ந்தால் அடுக்கு சரிந்து காயில் வீணாகும். எவ்வளவு இழுவை தாங்கும் என்பதைக் கட்டைவிரல் சொல்லும். ஈ கட்டுவதன் பழைய கதை எனக்கு நெருக்கமாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கட்டைவிரல்தான்.

எனக்கு ஈ கட்டச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964-இல் போடப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். துரைமாருக்குத் தூண்டில் பெட்டி தூக்கிய தன் அப்பாவிடம் அவர் கற்றது, மென்மையான இறகைக் கழுத்தில் சுற்றிக் கட்டும் மெல்லிறகு ஈ ஒன்றுதான். அவரிடம் கருவிப்பெட்டி என்று எதுவும் கிடையாது. ஒரு கத்தரி, ஒரு ஊசி, ஒரு உருண்டை மெழுகு, பீடிக்கட்டில் சுற்றி வருகிற நூல் கண்டு அளவுக்குப் பட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சொல்லி ஒரு குட்டி வைஸ் செய்து கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னார்: "வைஸ் எதுக்கு புள்ள? முள்ளு விரல்ல நிக்கலன்னா நூலோட இழுவை ஒனக்குப் புரியாது. மொதல்ல விரல்ல கட்டு. அப்புறம் எதுல வேணும்னாலும் கட்டு."

அவர் சொன்னதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. மெல்லிறகு ஈயின் தாய்நிலம் இங்கிலாந்தின் வடக்கும் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறமும். அங்கே ஆறுகள் பாறைமேல் தாவி ஓடுபவை. தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற பூச்சியை நின்று பார்த்து முடிவெடுக்க டிரவுட் மீனுக்கு நேரமில்லை. அதனால் அந்த ஊர்க்காரர்கள் சிறகு, வால், கண் என்று பூச்சியின் உறுப்புகளைச் செய்யப் போகவில்லை. உடம்புக்கு ஒரு பட்டு நூல், அதன்மேல் புகைபோல் கொஞ்சம் ரோமம், கழுத்தில் மெல்லிய இறகு ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று. சேவலின் கழுத்திறகு விறைப்பானது. ஈயை நீர்மேல் மிதக்க வைக்கும். பெட்டைக்கோழி, கௌதாரி போன்றவற்றின் இறகு தண்ணீருக்குள் மடங்கி விரியும். சாகப்போகிற பூச்சியின் கால் துடிப்பை அந்த விரிதலே காட்டிவிடும்.

ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் எழுதிய 'தி பிராக்டிகல் ஆங்ளர்' இந்த ஈக்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இறகைத் தனியாகச் சுற்றாமல் நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றச் சொன்னார் அவர். மீனின் பல் பட்டால் இறகின் நடுத்தண்டு அறுந்து மொத்தமும் பிரிந்துவிடும்; நூல் கூடவே ஓடினால் தாங்கும். டி. இ. பிரிட் 1885-இல் யார்க்‌ஷயர் ஈக்களைத் தொகுத்து வண்ணப் படங்களோடு வெளியிட்டார். எட்மண்ட்ஸும் லீயும் 1916-இல் எழுதிய புத்தகத்தில் பயன்பட்ட ரோமம், பட்டு, இறகு ஆகியவற்றின் உண்மையான துணுக்குகளையே ஒட்டிய சிறப்புப் பதிப்பும் உண்டு. நிறத்தை வார்த்தையில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதை உணர்ந்த தொழில்காரர்கள் அவர்கள்.

கையில் பிடித்தே கட்டும் முறையை நம் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். பூக்கட்டுகிற கை அது. இடது கை இரண்டு விரலுக்கு நடுவே காம்பைப் பிடித்திருக்கும். வலது கை நூலை வளைத்துச் சுருக்குப் போட்டு இறுக்கும். பூ கசங்காது, கட்டும் நழுவாது. ஈ கட்டும்போது காம்பு இருக்கிற இடத்தில் முள்ளின் வளைவு இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மெழுகு. பழைய புத்தகங்கள் சொல்வது செருப்புத் தைப்பவர்களின் கருமெழுகு. கீலும் குங்கிலியம் போன்ற பிசினும் கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சியது. பட்டு நூலை அதில் ஒரு இழு இழுத்தால் மூன்று காரியம் நடக்கிறது. நூல் வழுக்காமல் சுற்றிய இடத்தில் நிற்கிறது. தண்ணீரில் எளிதில் மக்காது. நிறமும் மாறுகிறது: எலுமிச்சை மஞ்சளாக இருந்த பட்டு, கருமெழுகு பட்டதும் பாசிப் பச்சைக்குப் போகிறது. ஆற்றில் இளம் பச்சைப் பூச்சி பறக்கிற பருவத்துக்கு அந்த நிறம் அப்படியே பொருந்தும். ஒரே மஞ்சள் கண்டை வைத்துக்கொண்டு, மெழுகின் வன்மையை மாற்றியே பல நிறம் எடுத்தார்கள்.

ரோமம் ஏற்றும் வேலையைத்தான் டப்பிங் என்கிறார்கள். இதை நான் செய்கிற விதமாகவே சொல்கிறேன். வளர்ப்பு முயலின் காதிலிருந்து ரோமத்தைச் சுரண்டி எடுக்கிறேன். நகக்கண்ணில் நிற்கிற அளவு போதும். பார்த்தால் போதாது என்று தோன்ற வேண்டும். அதை இரண்டு விரலால் பிய்த்துப் பிய்த்துச் சேர்த்தால் ஒரே திசையில் கிடந்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்கும். மெழுகேற்றிய நூலை விறைப்பாகப் பிடித்து, ரோமத்தை அதன்மேல் தொட்டுத் தொட்டு ஒட்டுகிறேன். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் ஏறிய முறுக்கு திரும்பக் கழன்றுவிடும். உருட்டிய நூலை வெளிச்சத்தில் பிடித்தால் ரோமத்துக்குள்ளே பட்டு மின்ன வேண்டும். அது மறைந்துவிட்டால் பாதி ரோமத்தை எடுத்துவிட வேண்டியதுதான். தண்ணீரில் நனைந்ததும் உள்ளிருக்கிற நிறம் ரோமத்தின் வழியே கசிந்து தெரியும். பூச்சியின் உடம்பு ஒளியில் தெரிவதுபோல.

இதே டப்பிங்கை இன்னொரு விதமாகச் செய்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங். பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் டூல் மேக்கராக இருந்தவர். எஸ்டேட்டில் எந்தத் தெருவிலும் நாம் பார்க்கிற மாதிரி ஆள். மெழுகேற்றிய பட்டைத் தொடைமேல் நீளமாக விரித்து, அதன்மேல் ரோமத்தை இடத்துக்கு இடம் அளவு மாற்றித் தூவி, மேலே இன்னொரு இழையை வைத்து, உள்ளங்கையால் ஒரே உருட்டாக உருட்டுவார். வால் பக்கம் ஒல்லி, நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் பருமன் என்ற வடிவம் உருட்டும்போதே வந்துவிடும். அப்படிச் செய்த உடல்களை வெட்டுப் போட்ட அட்டைகளில் சுற்றி வைத்திருந்து, தேவைப்படும்போது கட்டுவார். 1941-இல் அவரும் நண்பர் ஹைடியும் இதைப் புத்தகமாக எழுதினார்கள். பிற்பாடு டிக் கிளார்க் என்ற நண்பர் தொடைக்குப் பதிலாக நடுவே காடி வெட்டிய ஒரு மரக்கட்டையைச் செய்து கொடுத்தார். கருவி எப்படிப் பிறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கை முதலில் வேலையை முழுக்கக் கற்றுக்கொண்டது. கட்டை அதற்குப் பின்னால் வந்தது.

இந்தக் கலை தமிழ்நாட்டுக்கு வந்தது மீனோடும் அதிகாரிகளோடும். மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863-இல் டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்; பிழைக்கவில்லை. 1907-இல் மதராஸ் மீன்வளத் துறை தொடங்கியது, அவலாஞ்சியில் எச். சி. வில்சன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வானவில் டிரவுட் முட்டைகளே நீலகிரி ஓடைகளில் நிலைத்தன. மாமா வந்த வழியில்தான் அந்த மீனும் ஏற்கெனவே வந்திருந்தது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். 1887-இல் அவர் எழுதிய இன்னொரு புத்தகம், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே எழுதப்பட்டது. அம்பத்தூர், கொரட்டூர் போன்ற ஏரிகளைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அந்தப் பொருள் அந்நியமானது இல்லை.

நம் மண்ணிலிருந்து பிரிட்டனுக்குப் போன பொருள் இறகு. சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. அதன் சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றிலும் அரக்கு வைத்தாற்போல வெளிர் மஞ்சள் பொட்டு இருக்கும். பிரிட்டனின் ஆடம்பர சால்மன் ஈக்களுக்கு அந்தப் பொட்டு வேண்டியிருந்தது. புகழ்பெற்ற ஜாக் ஸ்காட் ஈயின் கன்னத்தில் மின்னுவது நம் காட்டுக்கோழிதான். அதற்காகக் கழுத்துத் தோலோடு உரித்து ஏற்றுமதி செய்தார்கள். 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பறவையைக் கொல்வது குற்றம். அந்தத் தடை சரியானது என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஒரு பொழுதுபோக்கின் மினுக்குக்காக ஒரு பறவையினம் தேய்வதற்கு எந்தக் கலையும் காரணமாக இருக்கக் கூடாது.

மெல்லிறகு ஈயின் மேன்மை இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அது தூரதேசத்துப் பறவை எதையும் கேட்டதில்லை. வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் கிடைத்ததை வைத்தே யார்க்‌ஷயர்க்காரர்கள் கட்டினார்கள். அவர்களுடைய 'வாட்டர்ஹென் புளோவா' ஈக்கு, மஞ்சள் பட்டும் அகழெலி ரோமமும் போக, வேண்டிய இறகு தாழைக்கோழியின் உட்சிறகிலிருந்து வருவது. அதே தாழைக்கோழி கொரட்டூர் ஏரிக் கோரைக்குள் தலையாட்டி நடக்கிறது. நான் அதைப் பார்ப்பதோடு சரி. நம் சட்டப்படி அதைத் தொடக் கூடாது, தொடவும் தேவையில்லை. கறிக்கடையில் பண்ணைக் காடை உரிக்கும்போது இறகைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காடையின் முதுகிறகில் பழுப்பும் வெளிர் கோடும் கலந்திருக்கும். நனைந்தால் கௌதாரி இறகுக்குப் பக்கத்தில் நிற்கும். நாட்டுப் பெட்டைக்கோழியின் கழுத்திறகு இன்னும் நல்லது. நூலுக்குக் காஞ்சிபுரம் ஊடைப் பட்டு. முறுக்குக் குறைவு என்பதால் தட்டையாகப் படியும். முள்ளுக்கு மட்டும் நார்வேயின் முஸ்டாட் போன்ற கம்பெனிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக் கட்டிய சின்ன ஈயை ஏரியில் வெள்ளிச்சி மீன் எடுக்கிறது. குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிடித்ததைத் திரும்ப விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். எனக்கு முக்கியம் கட்டுவதுதான்.

இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற சுழலும் வைஸ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டில் வேலை பார்த்தவள் கருவியைப் பழிக்க முடியாது. ஆனால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் யாராவது இதைக் கற்க வந்தால் நான் முதலில் கொடுப்பது முள், மெழுகு, பட்டு, ஒரு காடை இறகு. விரலில் பிடித்து, நூல் அறுகிற இடம் எது, அறாமல் இறுகுகிற இடம் எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஸ்டூவர்ட்டும் லைசன்ரிங்கும் என் மாமாவும் கற்றது அந்த எல்லையைத்தான். அது தெரிந்த கைக்கு எந்தக் கருவியும் உதவி செய்யும். அது தெரியாத கைக்கு எந்த வைஸும் சொல்லிக்கொடுக்காது.