‘வி445’ன்னா என்ன? டேட்டாவுக்கு அகராதி எழுதித் தரும் சாஃப்ட்வேர்... எதுவரை நம்பலாம்?

தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்று 2019-21-ல் நடந்தது. சுமார் 6.37 லட்சம் வீடுகளில், 7.24 லட்சம் பெண்களிடம் தகவல் திரட்டப்பட்டது. எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை, எத்தனை குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு என்று செய்திகளில் வரும் சதவீதங்கள் பலவும் இதிலிருந்து எடுக்கப்படுபவைதான்.

ஆனால் அந்த மூல டேட்டா ஃபைலைத் திறந்தால், வி012, வி025, வி106, வி445 என்று வரிசையாகக் குறியீடுகள்தான் தெரியும். கீழே வெறும் எண்கள்.

இந்தக் குறியீடு ஒவ்வொன்றும் ஒரு ‘மாறி’, அதாவது வேரியபிள். வி012 என்றால் வயது. வி025-ல் 1 இருந்தால் நகரம், 2 இருந்தால் கிராமம். இதையெல்லாம் விளக்கும் ஆவணத்துக்குப் பெயர்தான் கோட்புக். டேட்டா டிக்‌ஷனரி என்றும் சொல்வார்கள்.

கோட்புக் பார்க்காமல் கணக்குப் போட்டால்?

வி445 என்பது உடல் நிறை குறியீடு, நமக்குத் தெரிந்த பெயரில் பிஎம்ஐ. 21.50 என்ற அளவு இதில் புள்ளி இல்லாமல் 2150 என்று பதிவாகியிருக்கும். இதே இடத்தில் 9998 என்று இருந்தால், ‘அளவு நம்பும்படி இல்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு, 4 பெண்களின் பிஎம்ஐ 20, 21, 22, 23. சராசரி 21.50. ஆரோக்கியமான அளவு. ஐந்தாவதாக ஒரு 9998-ஐ தெரியாமல் சேர்த்துவிட்டால் சராசரி 37.20 ஆகிவிடும். 30-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பதால், மொத்தக் குழுவும் உடல் பருமன் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று வி005. இதன் பெயரில் ‘வெயிட்’ என்று இருக்கும். பெண்ணின் எடை என்று நினைத்தால் போச்சு! அந்தப் பெண்ணின் பதிலுக்கு மொத்தக் கணக்கில் எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டும் எண் அது. 10 லட்சத்தால் வகுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

ஆயிரக்கணக்கான மாறிகளுக்கு ஒருவர் உட்கார்ந்து விளக்கம் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால்தான் ஸ்டேட்டா மென்பொருளில் ‘கோட்புக்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. ‘ஆர்’ மொழியிலும் அதே பெயரில் ஒரு இலவசத் தொகுப்பு உண்டு. உளவியல் ஆய்வாளர் ரூபன் அர்ஸ்லான் உருவாக்கிய அது பற்றிய ஆய்வுக் கட்டுரை 2019-ல் வெளியானது. ஃபைலைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு மாறிக்கும் பெயர், வகை, குறைந்தபட்ச-அதிகபட்ச மதிப்பு, எத்தனை இடம் காலி என்பதோடு வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். கூகுளின் டேட்டாசெட் தேடலில் சிக்கும் வகையில் விவரக்குறிப்பையும் தயார் செய்யும்.

சிக்கல் எங்கே?

இந்தக் கருவிகள் ஃபைலுக்குள் இருப்பதைத்தான் எடுத்துச் சொல்லும். ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் ஃபைல்களில் ‘1 = நகரம்’ போன்ற விளக்கங்கள் உள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதையே சிஎஸ்வி ஃபைலாக மாற்றினால் அவை காணாமல் போய்விடும். அப்புறம் ‘குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 2’ என்பதற்கு மேல் சாஃப்ட்வேருக்கு எதுவும் தெரியாது. அதுவும் ஒரு வகையில் உதவிதான். பிஎம்ஐ-க்கு அதிகபட்சம் 9998 என்று காட்டினால், யாருக்கும் சந்தேகம் வருமே.

இப்போது ஏஐ-யிடம் கொடுத்தால் விளக்கத்தையும் எழுதித் தருகிறது. ஆபத்தும் இங்கேதான். பாலினம் என்ற இடத்தில் 0, 1 இருந்தால் எது ஆண், எது பெண் என்பதை அது யூகிக்கத்தான் முடியும். யூகம் தவறினால் ஆண்களின் கணக்கு பெண்களுக்குப் போய்விடும். எழுதியிருக்கும் தோரணையை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதனால் ஏஐ எழுதியதை வரைவாக மட்டுமே எடுத்துக்கொண்டு, ஆய்வின்போது கேட்ட கேள்வித்தாளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட வேண்டும். குடும்ப நல ஆய்வின் கேள்வித்தாள்கள் அதன் அறிக்கையிலேயே பின்னிணைப்பாக இருக்கின்றன.