பஸ் ஸ்டாண்டு நம்முடையது, பஸ் யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்து இப்போது கவுன்சிலராக இருக்கும் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், சாயங்கால டிரிப் வரலைன்னா ஜனங்க என் வீட்டுக்கு வந்து கேக்கறாங்க. பஸ் விஷயத்துல எங்களுக்கு என்னதான் அதிகாரம் இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

'போர்டு ஹைஸ்கூல்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த போர்டு என்பது ஜில்லா போர்டு. 1920இல் வந்த சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டத்தின்படி நம் வட ஆற்காடு ஜில்லாவுக்கும் ஒரு போர்டு இருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை எல்லாம் அதன் பொறுப்பு. முதல் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் பஸ்கள் ஊர் ஊராக ஓடத் தொடங்கியபோது, சாலை யாருடையதோ அவர்களிடமே பஸ்காரரும் லைசென்சு வாங்க வேண்டியிருந்தது. அதாவது கலவைப் பக்கம் ஒரு பஸ் ஓட வேண்டுமானால் ஜில்லா போர்டு பிரசிடெண்டைப் போய்ப் பார்க்க வேண்டும். சாலையில் டோல்கேட் வைத்து வசூலித்ததும் உள்ளாட்சி அமைப்புகள்தான். 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து டோல்கேட்டுகளை எடுத்தது. வரி அரசாங்கத்துக்குப் போயிற்று, போர்டுகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். முதலில் பணம் கைமாறியது, அதிகாரம் பின்னாலேயே போனது.

அது ஒன்றும் பொற்காலம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் லைசென்சு அந்தக் கால அரசியலில் பெரிய சலுகை. பிரசிடெண்டுக்கு வேண்டியவருக்கு வழித்தடம் கிடைக்கும்; தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவருக்குக் கிடைக்காது. நீதிக்கட்சி, காங்கிரஸ் என்று எந்தக் கட்சி போர்டைப் பிடித்தாலும் இந்தப் புகார் இருந்தது. ஒரே ரூட்டில் இரண்டு வண்டி போட்டி போட்டு ஓடுவதும், ஆள் சேரும் வரை கிளம்பாமல் நிற்பதும் சகஜம்.

இங்கிலாந்திலும் இதே பிரச்சினை இருந்தது. அங்கே 1930இல் ஒரு சட்டம் போட்டு, பஸ் லைசென்சு கொடுக்கும் வேலையை நகர சபைகளிடமிருந்து எடுத்து டிராபிக் கமிஷனர்களிடம் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதே பாதையில் போனது. பர்மிட் கொடுப்பது இனி வட்டாரப் போக்குவரத்து ஆணையம், அதாவது ஆர்.டி.ஏ. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு கலெக்டரிடம் வந்து சேர்ந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1939 சட்டம் அதிகாரத்தை எடுத்தாலும் வாயை அடைக்கவில்லை. அதன் 47ஆம் பிரிவில், பஸ் பர்மிட் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது அந்த வழித்தடம் போகும் எல்லையிலுள்ள உள்ளாட்சி அமைப்பு என்ன சொல்கிறது என்பதையும் ஆணையம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பஸ் முதலாளிகள், போலீஸ் இவர்களோடு நம் ஊர்ச் சபைக்கும் சட்டத்திலேயே ஓர் இடம். என் கணக்கில் இதுதான் சரியான ஏற்பாடு. லைசென்சை விற்க முடியாது, ஆனால் "எங்க ஊர்ப் பிள்ளைங்க ஏழு மணிக்கு நிக்கறாங்க" என்று எழுதிக் கொடுத்தால் அதைப் படித்தே ஆக வேண்டும்.

பிறகு அரசாங்கமே பஸ் ஓட்ட வந்தது. சென்னையில் 1947-48லேயே ஆரம்பம். 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் பிறந்தன. நம் பக்கம் முதலில் தந்தை பெரியார், பிறகு வேலூரில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். 80களில் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே டிக்கெட்டு வாசனை வரும்! 1997இல் தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே பெயராக அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள். இன்று நம் பக்கத்து வண்டிகள் விழுப்புரம் கழகத்தின் கீழே ஓடுகின்றன. தூரம் கூடிக்கொண்டே போனதைப் பாருங்கள்.

1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்து 1989 ஜூலையில் அமலானது. பர்மிட்டைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும், பழைய முதலாளிகள் ஆட்சேபம் செய்து புதியவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் முதலாளிகளின் ஆட்சேபத்தோடு சேர்ந்து பழைய 47ஆம் பிரிவில் உள்ளாட்சிக்கு இருந்த அந்த வரியும் போய்விட்டது. அதற்காக யாரும் ஊர்வலம் போனதாகத் தெரியவில்லை.

1992இல் நகர்ப்புற உள்ளாட்சிக்கான 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் 18 இனங்கள். பதினேழாவதைப் படியுங்கள்: தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம். பஸ் நிறுத்தம் இருக்கிறது, பஸ் இல்லை. 1988 சட்டத்தின் 117ஆம் பிரிவும் அப்படியே. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய உள்ளாட்சியைக் கலந்துகொள்ள வேண்டும். எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதற்கு அந்த விதி கிடையாது. ஆக, கவுன்சிலர் தம்பிக்கு மிஞ்சியது பஸ் ஸ்டாண்டு நுழைவுக் கட்டண ஏலமும் கழிப்பறைச் சாவியும்.

எல்லா ஊரும் இப்படி இல்லை. அகமதாபாத்தில் 1947 ஏப்ரல் முதல் நகராட்சியே பஸ் ஓட்டியது. பம்பாயில் அதே ஆண்டு ஆகஸ்டில் பெஸ்ட் நிறுவனம் மாநகராட்சிக்கு வந்தது. கவுன்சிலர்கள் கொண்ட கமிட்டி அதைக் கேள்வி கேட்டது. நஷ்டமும் மாநகராட்சி தலையில்தான், அதை மறைக்கக் கூடாது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்குக்கூட அந்த வாய்ப்பு வரவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 2023இலிருந்து பஸ் வழித்தடங்களையும் கட்டணத்தையும் மறுபடி உள்ளாட்சியின் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1930இல் எடுத்ததை இன்னொரு வடிவத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கலவைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். ஆனால் அந்த இலவசம், டவுன் பஸ் வருகிற ஊருக்குத்தான் இலவசம். ஒரு டிரிப் குறைந்தால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு எண்ண வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். ஷிப்டுக்குச் சரியாகக் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து நிற்கிறது. கம்பெனிக்கு ஆள் எத்தனை மணிக்கு வேண்டும் என்று தெரியும், அதைச் சொல்ல அதிகாரமும் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பெண் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது அவள் வார்டு கவுன்சிலருக்கும் தெரியும். அவருக்கு அதைச் சொல்ல இடம்தான் இல்லை. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறங்களில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஓர் ஊருக்கு மாலை டிரிப் கேட்டு மனு எழுதிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, அடுத்த இடத்தைக் கைகாட்டினார்கள். அந்த வருடம் அந்த ஊரிலிருந்து இரண்டு பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள்.

கவுன்சிலருக்கு நான் சொன்னது இது. பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள். எந்த டிரிப், எந்தத் தேதியில் வரவில்லை, எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று ஒரு மாதக் கணக்கோடு கலெக்டருக்கும் கிளை மேலாளருக்கும் அனுப்புங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தேதியும் எண்ணிக்கையும் உள்ள காகிதத்தை ஒதுக்குவது கஷ்டம். பக்கத்துக் கிராம ஊராட்சிகள் கிராம சபையில் இதையே போடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜில்லா போர்டு காலத்து பஸ் லைசென்சோ, டோல்கேட் ரசீதோ, பட்டுக்கோட்டை அழகிரி டிக்கெட்டோ இருந்தால் போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ரூட் என்பதையும் எழுதுங்கள்.