வறியோர் கிடாரம்



ஒரு கிடாரம் தண்ணீரில் எவ்வளவு தானியம் இட்டால் ஆயிரம் பேர் பசியாறலாம்? அன்னதானத்துக்கு உலையேற்றிப் பழகிய நம்மூர்ப் பெரியவர்கள் இதற்குக் கைக்கணக்காகவே விடை சொல்லிவிடுவார்கள். ஐரோப்பாவிலே இந்தக் கேள்வியைத் தராசு கொண்டு ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அரை நூற்றாண்டு கழித்துப் பெயர்பெற்ற சமையற்காரர் ஒருவர் அதே கேள்வியைக் கையிலெடுத்தார். விஞ்ஞானியின் கொள்கை பிழைத்தது. ஆனால் அவருடைய கிடாரம் பிழைக்கவில்லை. சமையற்காரர் கதையோ வேறு.

விஞ்ஞானியின் பெயர் பெஞ்சமின் தொம்சன். 1753 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பகுதியிற் பிறந்தவர். ஜேர்மனியின் பவேரியா நாட்டு ஆட்சியாளரிடம் சேவை செய்து, றம்போட் பிரபு என்னும் பட்டம் பெற்றவர். பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில் அக்காலத்திற் பிச்சைக்காரர் கூட்டம் மிகுந்திருந்தது. 1790 ஆம் ஆண்டுப் பிறப்பன்று படைவீரரைத் துணைக்கொண்டு அவர்களைப் பிடிப்பித்து, தாம் நிறுவிய தொழிற்சாலைக்கு வரச்செய்தார் றம்போட். படையினருக்கு வேண்டிய துணிமணி அங்கே ஆயிற்று. வறியவரைப் பிடித்து வேலை வாங்குவது முறையா என்பது நியாயமான கேள்விதான். அதை இங்கே நான் தீர்க்கப்போவதில்லை. வேலை செய்தவர்களுக்கு மதியத்திற் சூடான உணவு கிடைத்தது என்பதே நமக்கு வேண்டியது.

அந்த உணவுதான் பின்னர் உலகறிந்த றம்போட் சூப்பு. பார்லி அரிசி, பட்டாணி, உப்பு, வினாகிரி, தண்ணீர், கடைசியிற் காய்ந்த பாண் துண்டுகள்: இவ்வளவே. இறைச்சி கிடையாது. முதலிலே பார்லியைத் தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து, பிறகு பட்டாணியைச் சேர்த்து, மணிக்கணக்காக மெல்லிய நெருப்பிலே வேகவிட்டார்கள். தானியம் கரைந்து சூப்புத் தடித்து வந்தது. பாண் துண்டுகளைப் பரிமாறும் நேரத்திலேதான் போட்டார்கள். அவை ஊறிக் கரைந்துவிடலாகாது. பற்களுக்கு வேலை இருக்கவேண்டும். மென்று உண்டால் உண்ணும் இன்பம் நீளும் என்பது றம்போட்டின் எண்ணம். ஏழைக்கும் உண்பதில் இன்பம் உண்டென்று நினைத்த அந்த ஓரிடத்தில் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாகிறது.

செலவைக் குறைக்க உருளைக்கிழங்கைச் சேர்த்தார். ஆனால் அந்நகர மக்கள் அக்கிழங்கை அருவருத்தார்கள். ஆகையால் ஒதுக்கமான ஓரறையிலே அதை இரகசியமாய் வேகவைத்து, உருத்தெரியாமற் குழைத்துச் சூப்பிலே கலந்தார்கள். சூப்பு முன்னையிலும் சுவையாயிருக்கிறதென்று எல்லோரும் மெச்சினார்கள். பின்னர் உண்மை வெளிப்பட்டபோது யாரும் கோபிக்கவில்லை. கிழங்கு இல்லாத சூப்பு வேண்டாமென்னும் நிலை வந்துவிட்டது.

ஒருவர் பங்கு ஏறக்குறைய 20 அவுன்சு. அதிலே திடப்பொருள் 6 அவுன்சுக்கும் குறைவு. இவ்வளவு கொஞ்சத் தானியம் வயிற்றை எப்படி நிறைக்கிறதென்று றம்போட்டுக்கே வியப்பு. தண்ணீர்தான் உணவாக மாறுகிறதோ என்று அவர் கருதினார். அது தவறு, தண்ணீரில் அத்தகைய சத்து எதுவும் இல்லை. கிடாரத்தைக் காத்தது வேறொன்று. பார்லியிலே குறைவாயிருக்கும் புரதக்கூறு பட்டாணியிலே நிறைய உண்டு. பட்டாணியின் குறையைப் பார்லி தீர்க்கிறது. நாம் சோற்றுக்குப் பருப்பைச் சேர்ப்பதும் அதே பொருத்தந்தான். பங்கொன்றுக்கு நாலரை அவுன்சு அளவில் தானியமும் பட்டாணியும் பாணும் வருவதாகக் கொண்டால், இன்றைய கணக்கில் அது 450 கலோரியை ஒட்டும். ஒரு நேரத்துக்கு நல்ல உணவு. ஒரு நாளுக்குப் போதாது.

றம்போட்டின் கட்டுரைகள் 1796 இல் இலண்டனில் வெளிவரத் தொடங்கின. விரைவில் இலண்டனிலும் பரிசிலும் மலிவுச் சூப்பு மடங்கள் தோன்றின. ஊரூராகச் செய்முறை பரவப் பரவ, தானியம் குறைவதும் தண்ணீர் கூடுவதும் இயல்பாயிற்று.

இனி அயர்லாந்துக்கு வருவோம். 1845 இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தது. 1846 இல் விளைவு அடியோடு போயிற்று. வறிய குடியானவர்களுக்குக் கிழங்கைத் தவிர வேறு உணவில்லை. 1847 பெப்ரவரியிலே சூப்பு மடங்கள் வைப்பதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. அப்பொழுது இலண்டன் றிபோம் கிளப்பிலே தலைமைச் சமையற்காரராயிருந்த அலெக்சிஸ் சொயர் என்னும் பிரெஞ்சுக்காரரை அரசினர் டப்ளினுக்கு அனுப்பினர்.

அவர் கட்டிய சமையற்கூடம் ஒரு காட்சிச்சாலை போன்றது. நடுவிலே 300 கலன் கொள்ளும் கொதிகலம். சுற்றிலும் மேசைகளில் நூறு கிண்ணங்கள், சங்கிலியாற் பிணைத்த கரண்டிகள். மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வருவார்கள். மீண்டும் மணி அடித்தால் வெளியேறவேண்டும். 1847 ஏப்ரில் 5 ஆம் நாள் திறப்புவிழா. கனவான்களும் சீமாட்டிகளும் ஏழைகள் உண்பதைப் பார்க்க வந்தார்கள்.

சொயர் சிக்கனம் அறியாதவரல்லர். லீக்சின் பச்சைத்தாள், செலறி இலை, டேனிப்புக் கிழங்கின் தோல் ஆகியவற்றை வீசாதீர்கள், சூப்புக்குச் சுவை அவற்றிலேதான் என்றார். அது சமையலறிந்தவர் சொல். குறை அளவிலேதான் இருந்தது. 2 கலன் தண்ணீருக்குக் கால் இறாத்தல் மாட்டிறைச்சி, 2 அவுன்சு கொழுப்பு, அரை இறாத்தல் மா, அரை இறாத்தல் பார்லி, சிறிது வெங்காயமும் மரக்கறியும் என்பது அவருடைய முதற்செய்முறை. மரக்கறி நீங்கலாகக் கூட்டினால் 22 அவுன்சு. அதை 16 பைந்துக்குப் பங்கிட்டால், பைந்துக்கு ஒன்றரை அவுன்சுகூட வாராது. றம்போட்டின் சூப்போ பைந்துக்கு மூன்றரை அவுன்சுக்குமேல். இந்தச் சூப்பை நாளுக்கொருமுறை வயிறார உண்டு, கூட ஒரு பிஸ்கற்றும் தின்றால், திடகாத்திரமான மனிதன் வாழலாமென்று சொயர் கூறினார். மருத்துவ ஏடான லான்செற் அதை வன்மையாகக் கண்டித்தது. நாவை மயக்கலாம், உடலை மயக்க முடியாது.

ஒடியற் கூழ் காய்ச்சும் யாழ்ப்பாணத்துப் பெண் இதை எளிதாகக் கண்டுபிடித்திருப்பாள். பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் எத்தனை இட்டாலும், ஒடியல் மா போதாவிட்டால் அது கூழாகாது என்பது அவளுக்குத் தெரியும்.

அயர்லாந்தின் சுகாதார சபையும் நீர்த்த சூப்பினும் தடித்த உணவே தக்கதென்று கருதியது. பல இடங்களிற் சோளமாவும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சிய கட்டிக் களியே வழங்கப்பட்டது. 1847 யூலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அம்மடங்களில் உணவு பெற்றார்கள். பஞ்சகால உதவிகளிற் பசியை உண்மையாகத் தணித்தது இதுவே. அப்போதும் ஒரு குறை இருந்தது. கிழங்கு தந்த விற்றமின் சீ, களியில் இல்லை. ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கேவி நோய் பரவிற்று. மலிவான காய்கறியொன்றின் அருமை, அது இல்லாதபோதே தெரிந்தது.

அவ்வாண்டு அறுவடை நெருங்கவே, மடங்களை அரசினர் மூடத் தொடங்கினர்; இலையுதிர்காலத்துக்குள் எல்லாம் மூடப்பட்டன. கிழங்கிலே அந்த வருடம் நோய் அதிகம் இல்லை. ஆனால் விதைக்கிழங்கையும் பசிக்குத் தின்றிருந்தவர்கள் நட்டது மிகக் கொஞ்சம். 1848 இல் அழுகல் நோய் திரும்பி வந்தது. நாடெங்கும் வைத்த அந்தக் கிடாரங்கள் திரும்ப அடுப்பேறவில்லை.