விரல் நுனி கற்பித்த பாடம்

தடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'அ' என்னும் எழுத்தை அதன் பின்புறம் இடவலம் மாற்றி வரைந்து, அக்கோட்டின் மேல் குண்டூசியால் நெருக்கமாக அழுத்துங்கள். சற்றுத் தள்ளி ஒரே ஒரு புள்ளியை மட்டும் எழுப்புங்கள். இப்பொழுது தாளைத் திருப்பி, கண்களை மூடி, இரண்டையும் விரலால் தடவுங்கள். வளைந்து செல்லும் கோடு எளிதில் பிடிபடாது. தனிப் புள்ளியோ உடனே தெரியும். பிரெயில் முறையில் தமிழ் 'அ' என்பது அந்த ஒரு புள்ளிதான். இந்த எளிய உண்மை ஒரு பள்ளியில் நிலைபெற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின என்றால் வியப்பாக இல்லையா?

1771-ஆம் ஆண்டு பாரிஸ் நகரச் சந்தை ஒன்றில் பார்வையற்ற இசைஞர்கள் சிலருக்குக் கோமாளி உடையும் பெரிய மூக்குக்கண்ணாடியும் அணிவித்து, அவர்கள் முன் இசைத்தாளையும் வைத்திருந்தனர். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. வாலன்டைன் ஹாய் என்பவரின் நெஞ்சம் மட்டும் கொதித்தது. அவர் 1785-இல் பார்வையற்ற சிறுவர்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். அவருடைய முதல் மாணவர், பிச்சை எடுத்துவந்த பிரான்சுவா லெசூயர். வழக்கமான எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார் ஹாய்.

இரக்கம் பிறந்தது, பள்ளியும் பிறந்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. அந்த எழுத்துகள் கண்ணுக்காக அமைந்தவை. விரலுக்காக அமைந்தவை அல்ல. படிப்பது மெதுவாகவே நடந்தது. மாணவர்களால் அவற்றைத் தாமே எழுதவும் இயலவில்லை.

1819-இல் லூயி பிரெயில் என்ற பத்து வயதுச் சிறுவன் அப்பள்ளியில் சேர்ந்தான். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வை இழந்தவன் அவன். அதற்கு முன் தன் ஊராகிய கூப்வ்ரே கிராமத்துப் பள்ளியில், பார்வையுள்ள பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து, காதால் கேட்டே பாடம் பயின்றிருந்தான்.

சார்லஸ் பார்பியர் என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஓர் எழுத்துமுறையை அமைத்திருந்தார். அது ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறே புள்ளிகளால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன! 1824-இல் அவர் அம்முறையை உருவாக்கியபோது வயது பதினைந்து. 1829-இல் அது நூலாகவும் வெளிவந்தது.

ஆனால் பார்வையுள்ள ஆசிரியர்கள் சிலர் அதை எதிர்த்தனர். தங்கள் கண்ணுக்குப் புரியாத எழுத்து, பார்வையற்றோரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்றனர். மாணவர்களோ தமக்குள் அதையே பயன்படுத்தி வந்தனர். பிரெயில் 1852-இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1854-இல்தான் அவர் பயின்று, பின் கற்பித்த அப்பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது. நம் நாட்டில் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சிரித்த கூட்டத்தைவிட இரங்கிய ஹாய் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் இரக்கம் மட்டும் போதவில்லை. எது தேவை என்பதை அந்த விரலே அறிந்திருந்தது.

பள்ளிகளில் சில வேளை, பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கச் சொல்வார்கள். அதில் இருளின் அச்சம் தெரியும். ஆண்டுக்கணக்கில் பழகிய விரலின், செவியின் திறமை தெரியாது. 'ஐயோ பாவம்' என்ற எண்ணமே எஞ்சும். ஆகவே உங்கள் வகுப்பில் பார்வையற்ற தோழரோ, சக்கர நாற்காலியில் வரும் தோழியோ இருந்தால், கேளாமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "உனக்கு எப்படி வசதி?" என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். பரிவு என்னும் பாடத்தின் முதல் எழுத்து அதுவே.