பில்ட்டவுன் தாடையின் இரண்டு பற்கள்

1912 டிசம்பர் 18 அன்று லண்டன் புவியியல் கழகத்தில் சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞரும், பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்மித் வுட்வர்டும் சில எலும்புத் துண்டுகளை முன்வைத்தார்கள். சசெக்ஸில் பில்ட்டவுன் என்ற ஊரின் ஜல்லிக்குழியில் கிடைத்தவை அவை. மண்டையோடு மனிதனுடையது, கீழ்த்தாடை வாலில்லாக் குரங்கினுடையது போல இருந்தது. இரண்டும் ஒரே உயிரின் எலும்புகள்தானா என்று பார்க்க, தாடை மண்டையோட்டில் பொருந்தும் மூட்டு முனை வேண்டும். அது உடைந்து போயிருந்தது. முகவாய்ப் பகுதியும் இல்லை. ஆகவே தாடையை மனிதனோடு சேர்த்துக் கட்டிய பெரிய சாட்சி, அதில் எஞ்சியிருந்த வலப்பக்க முதலாம், இரண்டாம் கடைவாய்ப் பற்கள்தான். அவை தட்டையாகத் தேய்ந்திருந்தன. குரங்குகளின் நீண்ட கோரைப்பல் தாடையைப் பக்கவாட்டில் அசைய விடாது, அரைத்து மெல்லும் மனிதனுக்கே பற்கள் இப்படித் தேயும் என்றார்கள். 41 ஆண்டுகள் அறிஞர்களை ஏமாற்றியவை இந்தப் பற்கள். ஆனால் ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும் தடயமும் முதல் நாளிலிருந்தே அவற்றில் இருந்தது என்பதே என் வாதம்.

கடைவாய்ப் பல்லை அடையாளம் காணும் அடிப்படைகள் அன்றைக்கே பல் மருத்துவ மாணவர்களின் பாடம். மேல்பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர், கீழ்ப்பல்லுக்கு இரண்டு. மேல்பல்லின் மெல்லும் பரப்பில் பெரும்பாலும் நான்கு மேடுகள், அவற்றுள் இரண்டை இணைத்துக் குறுக்கே ஒரு வரப்பு. கீழே முதலாம் பல்லுக்கு ஐந்து மேடுகள், இரண்டாம் பல்லுக்குப் பொதுவாக நான்கு. வேரின் நுனி பெரும்பாலும் பின்பக்கம் சாய்வதால், இது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், பில்ட்டவுன் தாடைக்கு உண்மையில் சொந்தமான ஒராங்குட்டானின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் ஐந்து மேடுகள் உண்டு. அதை மனிதப் பல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது எனாமலில் ஓடும் நுண்ணிய சுருக்கங்கள். பற்களை மனிதனுடையவை போலக் காட்ட அரத்தால் ராவிய கை முதலில் அழித்தது அந்தச் சுருக்கங்களைத்தான். மோசடி செய்தவருக்குப் பல்லைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால் தேய்மானத்தைப் பற்றி அவருக்குப் போதிய அறிவு இல்லை. முதலாம் கடைவாய்ப் பல் மனிதனுக்கு ஆறு வயதில் முளைக்கிறது, இரண்டாவது பன்னிரண்டில். முதல் பல் பல ஆண்டுகள் கூடுதலாக மென்றிருப்பதால் அதுதான் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். பில்ட்டவுனில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன. எனாமலைவிட டென்டின் மென்மையானது. மேடு தேய்ந்து டென்டின் வெளிப்பட்டால் அந்த இடம் கிண்ணம்போலக் குழியும். இங்கே அது எனாமலோடு சமமாக வழவழத்திருந்தது. பரப்பின் விளிம்புகள் மழுங்காமல் கூராக நின்றன. எல்லாவற்றையும் விட, அடுத்தடுத்து நிற்கும் அந்த இரு பற்களின் தேய்ந்த தளங்கள் ஒரே சீராக இணையவில்லை. ஒரே வாயில் ஒரே உணவை அரைத்த பற்களில் இப்படி ஆகாது.

அறிவியல் கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று சிலர் சொல்வார்கள். எலும்பின் பழமையை மதிப்பிடும் ஃபுளோரின் சோதனையைக் கென்னத் ஓக்லி 1949-இல் செய்ததும் உண்மை. ஆனால் அது எலும்புகள் மிகப் பழையவை அல்ல என்று மட்டுமே காட்டியது. போலி என்று சொல்லவில்லை. 1953-இல் ஜோசஃப் வைனர், ஒரு சிம்பன்சியின் கடைவாய்ப் பல்லை ராவிச் சாயமேற்றிப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. அவரும் லெ கிராஸ் கிளார்க்கும் ஓக்லியும் மூலப் பற்களைப் பெரிதாக்கிப் பார்த்து அரத்தின் கீறல்களைக் கண்டார்கள். இதற்கு வேண்டிய லென்ஸ் 1912-இலும் இருந்தது. வெளியாருக்கு அச்சுவார்ப்புகள்தானே கிடைத்தன என்பது இதைவிட வலுவான மறுப்பு. வார்ப்பில் கீறல் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தளங்கள் இணையாதது வார்ப்பிலும் தெரியும். மூலம் கையில் இருந்தவர்களுக்கோ எந்தத் தடையும் இல்லை. தாடை சிம்பன்சியுடையது என்று 1915-இல் அமெரிக்காவின் கெரிட் மில்லர் எழுதியபோது, 1917-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் பைகிராஃப்ட் அவரைக் கடுமையாக மறுத்தார். பற்களை மீண்டும் சோதித்திருக்க வேண்டிய நேரம் அது.

அப்படியானால் தனிப் பல்லை நம்பவே கூடாதா? 1922-இல் நெப்ராஸ்காவின் தேய்ந்த ஒரு பல்லை வைத்து ஹென்றி ஆஸ்போர்ன் ஒரு புதிய குரங்கினத்துக்குப் பெயர் சூட்டினார்; அது காட்டுப்பன்றி போன்ற பெக்கரியின் பல் என்று 1927-இல் தெளிவானது. அதே 1927-இல் பீஜிங் அருகே சோகோதியனில் கிடைத்த ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லை வைத்து டேவிட்சன் பிளாக் ஒரு ஆதிமனித இனத்துக்குப் பெயர் வைத்தார்; 1929-இல் பெய் வென்ஜோங் எடுத்த மண்டையோடு அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. பிளாக்கின் கையில் இருந்தது இளம் வயதினரின் பல். மேடுகளும் பள்ளங்களும் தெளிவாக இருந்தன. ஆஸ்போர்னிடம் இருந்ததில் படிக்க வேண்டிய பரப்பே தேய்ந்து போயிருந்தது. எத்தனை பல் கிடைத்தது என்பதை விட, கிடைத்த பல்லில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

பில்ட்டவுன் பக்கத்திலேயே இரண்டாவது இடத்தில் கிடைத்ததாக டாசன் சொன்ன தனிக் கடைவாய்ப் பல் 1917-இல் அறிவிக்கப்பட்டது. சந்தேகப்பட்டிருந்த ஆஸ்போர்ன் போன்றவர்கள் மனம் மாறியது அதைக் கண்டுதான். மனித எலும்பும் குரங்கின் பல்லும் ஒன்றுசேரும் ஒரே தற்செயல் இரண்டு இடத்தில் நிகழாது என்று கருதினார்கள். தற்செயல் அல்லதான். 2016-இல் வெளியான மரபணு ஆய்வின்படி தாடையும் அந்தத் தனிப் பல்லும் ஒராங்குட்டானுடையவை, பெரும்பாலும் ஒரே விலங்கினுடையவை.