குகையிலிருந்து பிறந்த ஆட்டம்

கணிப்பொறி ஆட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். எழுத்தைக் கொண்டே ஆடப்பட்ட சாகச ஆட்டங்களின் வரலாற்றையோ மண்ணுக்கு அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், சுண்ணாம்புப் பாறைகளை நீர் அரித்து அரித்து உண்டாக்கிய மேமத் குகையே அவற்றின் பிறப்பிடம்.

அக்குகையின் உட்பகுதிகளை வெளியுலகுக்கு அறிவித்தவர்களுள் தலையாயவர் ஸ்டீபன் பிஷப் என்னும் கறுப்பின அடிமை. 1838-இல் வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்ட அவர், அதுவரை எல்லையாக இருந்த ஒரு பெரும்பள்ளத்தைக் கடந்து அப்பாலிருந்த வழிகளைக் கண்டார். 1842-இல் தம் நினைவிலிருந்தே குகையின் படத்தை வரைந்தார். அது அச்சேறியபோது அவர் பெயரும் உடன் வந்தது. அக்காலத்தில் ஓர் அடிமைக்கு அது எளிதில் கிடைக்கக்கூடிய பெருமையன்று.

நெடுங்காலமாகக் குகையாளர்களை அலைக்கழித்த ஐயம் ஒன்று இருந்தது. மேமத் குகையும் அதன் அருகேயுள்ள ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் தனித்தனியானவையா, ஒன்றேயா என்பதே அது. மெலிந்த உடல்வாகு கொண்ட பெட்ரீசியா கிரௌதர் என்னும் பெண்மணி, பிறர் நுழைய இயலாதிருந்த இடுக்கு ஒன்றில் ஊர்ந்து சென்று வழி கண்டார். அவரும் இடம்பெற்ற குழு 1972 செப்டம்பர் 9-ஆம் நாள் இரு குகைகளும் ஒன்றே என மெய்ப்பித்தது. ஏறத்தாழ 232 கிலோமீட்டர் நீளமுள்ள குகை அன்று உலகறிந்தது.

பெட்ரீசியாவின் கணவர் வில் கிரௌதரும் குகையாளரே. பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றி, இன்றைய இணையத்தின் மூதாதையாகிய ஆர்ப்பாநெட் வலையமைப்பின் கட்டளைத் தொகுப்புகளை எழுதியவர்களுள் ஒருவர். குகைக்குள் சேற்றிலும் இருளிலும் எடுத்த தொலைவு, திசை, சரிவு ஆகிய அளவுகளைத் தம்பதியர் இருவரும் கணிப்பொறியில் ஏற்றி, அதன் துணையோடு படங்கள் உருவாக்கினர். பின்னர் வந்த ஆட்டத்துக்கு இந்த உழைப்பே அடித்தளம்.

சில ஆண்டுகளில் இருவரின் மணவாழ்வும் முறிந்தது. பிள்ளைகளைப் பிரிந்திருந்த வருத்தத்தில், 1975-76-ஆம் ஆண்டுகளில் தம் இரு பெண்மக்களும் ஆடி மகிழ்வதற்கென்று கிரௌதர் ஓர் ஆட்டத்தை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். அதில் படமென்று எதுவும் கிடையாது. தாம் நிற்கும் இடத்தைக் கணிப்பொறி சில வரிகளில் வருணிக்கும். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்பதுபோல் ஆடுபவர் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களைத் தட்டினால் அடுத்த இடம் விரியும். கணிப்பொறியறிவு இல்லாத சிறுவர்க்கும் எட்ட வேண்டும் என்பதாலேயே அன்றாடச் சொற்களைக் கட்டளைகளாக்கினார். ஆனால் பொறிக்குத் தெரிந்த சொற்கள் ஏறத்தாழ இருநூறே. அதிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே அது பார்க்கும். பி.டி.பி.-10 கணிப்பொறியின் ஓர் அலகுக்குள் 36 இருமக்கூறுகள். எழுத்தொன்றுக்கு ஏழு வீதம் அதில் ஐந்து எழுத்துகளே அடங்கின. இவ்வளவு குறுகிய வாயில் வழியாக அவ்வளவு பெரிய குகைக்குள் மனிதர் புகுந்தனர் என்பது வியப்பே.

ஆட்டம் வலையமைப்பின் வழியே ஊர் ஊராய்ச் சென்றது. 1976-இல் ஸ்டான்ஃபோர்டில் பயின்றுகொண்டிருந்த டான் வூட்ஸ் என்னும் இளைஞர் அதைக் கண்டு விரிவாக்க விரும்பினார். ஆக்கியவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனவே, வலையமைப்பிலிருந்த கணிப்பொறிகள் ஒவ்வொன்றுக்கும் ‘கிரௌதர்’ என்று பெயரிட்டு மின்னஞ்சல் விடுத்தார்! முகவரி தெரியாதவருக்கு ஊரெங்கும் ஓலை விடுத்ததைப் போன்ற செயல் அது. விடை வந்தது, இசைவும் மூலப்படியும் கிடைத்தன. 1977-இல் வூட்ஸ் புதிய அறைகளையும் புதையல்களையும் புதிர்களையும் சேர்த்து, 350 புள்ளிகளை முழுமதிப்பாக வைத்து ஆட்டத்தை நிறைவாக்கினார்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர் நால்வர், முழுத்தொடர்களையும் புரிந்துகொள்ளும் ‘சார்க்’ ஆட்டத்தைத் தொடங்கினர். 1978-இல் ஸ்காட் ஆடம்ஸ் 16 கிலோபைட் நினைவகமே கொண்ட வீட்டுக் கணிப்பொறியில் ஒரு சாகச ஆட்டத்தை அடக்கிக் காட்டினார். 1979-இல் இன்ஃபோகாம் நிறுவனம் தோன்றி, சார்க்கை மூன்றாகப் பகுத்து விற்றது. விலையின்றிக் கைமாறி வந்த பொருள் பெட்டிக்குள் அடைபட்டுக் கடைக்கு வந்தது. தரவுத்தள மென்பொருள் ஒன்றில் பெரும்பணத்தை முடக்கி இடர்ப்பட்ட இன்ஃபோகாம் 1986-இல் ஆக்டிவிஷன் கைக்குச் சென்று, 1989-இல் மூடப்பட்டது. அப்போது படம் காட்டும் ஆட்டங்கள் சந்தையை நிறைத்திருந்தன.

கிரௌதரின் முதற்படி தொலைந்துவிட்டதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவர் எழுதியது வெறும் குகைப்படம். மாயமும் கற்பனையும் வூட்ஸ் சேர்த்தவை என்று பலரும் எழுதி வந்தனர். 2005-இல் வூட்ஸின் பழைய மாணவக் கணக்கின் சேமிப்பிலிருந்து அந்தப் படி மீட்கப்பட்டது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் பேராசிரியர் அதை ஆராய்ந்து, குகைக்கே சென்று ஒப்பிட்டு, 2007-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குள்ளர்களும் மந்திரச் சொல்லும் முதற்படியிலேயே இருந்தன. தாம் கண்ட குகையையும் தாம் கற்பனை செய்த குகையையும் கிரௌதர் தொடக்கத்திலேயே ஒன்றாகப் பிணைத்துவிட்டிருந்தார். வூட்ஸின் பணி பெரிதே. ஆயினும் முன்னவருக்குரிய பங்கை வரலாறு அதுவரை குறைத்தே அளந்துவிட்டது.

பெட்ரீசியாவின் பங்கு இன்றும் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. ஆட்டத்தில் ஓர் அறையின் நடுவே பாறையொன்று உண்டு. அதன்மேல் ‘ஒய்2’ என்று எழுதியிருக்கும். ஆடியவர்களுள் பலர் அதையும் ஒரு மந்திரக் குறியென்றே எண்ணித் தலையைக் குடைந்துகொண்டனர். அது குகையை அளப்போர் கிளைவழிகளை அடையாளம் காண இட்டுவைக்கும் குறி.